சிவப்பு நாடா கட்டிய வேம்புகள்

செப்டெம்பர் 9, செவ்வாய்

சோளகக் காற்று. கண்ணெல்லாம் புழுதி.

சுதன் பொய்யன். நேற்று வீதி அகலிப்புக் கூட்டத்தில், என்னைப் பக்கத்தில் இருத்திக்கொண்டே சொன்னான்: "நாடா கட்டின வேம்பு எல்லாத்திலயும் பங்கசு பிடிச்சிட்டுது. மற்ற மரங்களுக்குத் தொத்த முதல் தறிக்கவேணும்." எல்லோரும் தலையாட்டினார்கள். நான் எழும்ப முன்னமே அடுத்த விடயத்துக்குப் போய்விட்டார்கள்.

நாடா கட்டியது ஒரே ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் நானும் அவனும். இறங்குதுறை வீதியில் நுனியிலிருந்து காய்ந்து வரும் வேம்புகளில் பட்டை எடுத்தோம். ஒப்பிட்டுப் பார்க்க நல்ல மரங்களிலும் எடுத்தோம். எடுத்த மரத்துக்கெல்லாம் நாடா. நோய் வந்த வருத்தக்கார மரம், நல்ல மரம் என்று நிறம் பிரிக்கவில்லை. கடையில் சிவப்பு மட்டும்தான் இருந்தது.

பட்டையை வைத்து வளர்த்த எல்லாத் தட்டிலும் ஒரே பங்கசு, ஒரே பூஞ்சணம். முதலில் வெள்ளைப் பஞ்சு, பிறகு கரி. நுணுக்குக்காட்டியில் கபில வித்திகள், நடுவில் தடுப்பு, நெடுக்குக் கோடுகள். நல்ல மரத்திலும் அது சும்மா குடியிருக்கும். மரம் தளர்ந்தால்தான் கொல்லும். தளர்த்தியது யார்? அடிமரம் வரை கொங்கிறீட் போட்டவர்கள். இதையெல்லாம் சுதனுக்குச் சொன்னவள் நான். பாதியை மட்டும் எடுத்துக்கொண்டான்.

வாங்க: சவர்க்காரம், அம்மாவின் பிரஷர் குளிசை.

செப். 10, புதன்

சுருவில் ஊரிலிருந்து பஸ்ஸில் நின்றபடியே வந்தேன். ஒரே சனம்.

றோசம்மா அக்கா மீன் விற்பது இறங்குதுறையடி வேம்பின் கீழ். நல்ல மரம். பட்டை எடுத்த அன்று என் கத்தியைப் பிடித்துத் தடுத்தவள். "மரத்துக்கு ஒண்டும் ஆகாது அக்கா" என்று நான்தான் வாக்குக் கொடுத்தேன்.

இன்று என்னைக் கண்டதும், பாரை மீனை வெட்டியபடி:

"வாரும் டொக்டர். ஊசி போட வந்தனீரோ, சவப்பெட்டி அடிக்க வந்தனீரோ?"

நண்டு விற்பவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"இந்த மரத்துக்கு வருத்தமில்லை அக்கா. நான் அப்பிடிச் சொல்லேல்லை."

"உம்மட ஆள் சொன்னவன். நீர் பக்கத்தில வாயைப் பொத்திக்கொண்டு இருந்தனீராம். வீதி ஒப்பந்தக்காரர் அவன்ர தாய்மாமன் எண்டு தெரியாதோ?"

தெரியாது. இரண்டு வருசம் ஒரே மேசை, ஒரே சாப்பாட்டுப் பார்சல். தெரியாது.

"நிழல் போனா இந்த வெயிலுக்கு மீன் தாங்குமோ? நான் எங்க போய்க் குந்துறது?"

நாடாவை அவிழ்த்தேன். அடியில், பட்டையில், தறிக்கச் சொல்லி வெள்ளைப் பெயின்ற் புள்ளடி. முந்திவிட்டார்கள்.

செப். 11, வியாழன்

காற்று விழுந்துவிட்டது. புழுக்கம்.

ஆய்வுகூடம். பங்கசு வளர்த்த தட்டுகளையெல்லாம் சுதன் கழுவிக் கவிழ்த்திருக்கிறான்.

"நீர் ஏன் கத்துறீர்? எல்லா மரத்திலயும் இருக்கெண்டு நீர்தானே சொன்னனீர்."

"இருக்கிறதும் கொல்லுறதும் ஒண்டோ?"

"சனத்துக்கு அதெல்லாம் விளங்காது."

"உமக்கு விளங்கும்தானே."

போன் அடித்தது. "ஓம் மாமா" என்றபடி வெளியே போனான்.

மத்தியானம் சாப்பிடுவதில்லை என்று இருந்தேன். பிறகு இரண்டு வாய்ப்பன் தின்றேன். வெட்கங்கெட்ட வயிறு.

செப். 12, வெள்ளி

காலையிலேயே சுட்டது. வாள் மெஷின் வந்தது.

காய்ந்த மரங்கள் முதலில். அவை போகட்டும். பிறகு இறங்குதுறையடிக்கு வந்தார்கள். றோசம்மா எழும்பவில்லை. நானும் மீன் தண்ணிக்குள் பக்கத்தில் குந்தினேன்.

"தங்கச்சி, எழும்புங்கோ. எனக்குச் சொன்னதைத்தான் செய்யிறன்" என்றான் வாள்காரன்.

"அப்ப சொன்னவனைக் கேப்பம். பிள்ளை, எடும் போனை" என்றாள் றோசம்மா.

ஸ்பீக்கரில் போட்டேன். எடுத்தான். வாள்காரன் மெஷினை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தான்.

"சுதன், இறங்குதுறையடி வேம்புக்குக் கீழ இருக்கிறன். றோசம்மா அக்காவும் கேட்டுக்கொண்டிருக்கிறா. இந்த மரத்துக்கு வருத்தம் இருக்கோ, இல்லையோ? உம்மட வாயால சொல்லும்."

அங்கே மின்விசிறிச் சத்தம். யாரோ இருமினார்கள். அவனில்லை, வயதானவர்; மாமாவாக இருக்கும்.

"சொல்லும், சுதன்."