குழாயில் மூன்றடி

வியாழக்கிழமை, இரவு

குமாரபாளையத்துச் சாயப்பட்டறை ஒன்றில் இன்று எரிபொருள் தணிக்கை செய்தேன். துண்டு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்கு என் அறிக்கை போனால்தான் இவர்களுக்கு அடுத்த ஆர்டர்.

பாய்லரிலிருந்து வரும் நீராவிக் குழாயில் மூன்றடிக்கு மேலுறை இல்லை. வெப்பம் வீணாகிறது, மூட வேண்டும் என்றேன். "சேரிங்க, நீங்க எழுதிக் குடுக்கற அளவுக்கு நாளைக்கே மூடிப்போடலாமுங்க" என்றார் முதலாளி.

அவர் போனதும் நூல் அலசும் சரசக்கா கிட்டே வந்தார். "ஏனுங்க மேடம், அதை மூடிப்போட்டா சோத்துத் தூக்குப்போசியை எங்கீங்க வெக்கறது?"

அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். உறை தானாகப் பிய்ந்ததல்ல. யாரோ அளவெடுத்து அறுத்தது.

"விடியால ஆக்குன சோறுங்க. நாளெல்லாம் ஈரத்துல நிக்கறோம். ஒருவாய் சூடாத் திங்கோணுமில்லீங்களா?"

இப்போது அறிக்கை முடிந்துவிட்டது. மூட வேண்டிய குழாயின் நீளத்தை மட்டும் இன்னும் எழுதவில்லை. மூன்றடியைக் குறைத்தால் பொய். குறைக்காவிட்டால் நாளை மதியம் அத்தனை பேருக்கும் ஆறிய சோறு.

இன்று என் டப்பாவையும் வாங்கிக்கொண்டு போய்ச் சுடச்சுடத் திருப்பித் தந்தவர் சரசக்காதான். எங்கே வைத்துச் சூடாக்கினார் என்று நான் கேட்கக்கூட இல்லை.