கீற்றுப் போட்டு மூடிய எம்.பி.

5 ஏப்ரல் 2006

காலை எட்டுக்கே அனல். உப்பள ஆபீஸ் ஃபேன் சும்மா சுற்றுகிறது. சென்னை வியாபாரிகளுக்கு இனி உப்பு போட்டோ, லேப் ரிப்போர்ட் எல்லாம் மெயிலில்தான் வேண்டுமாம். செல்போனைக் கம்ப்யூட்டரில் மாட்டி இன்டர்நெட். எந்தப் பிளான் என்று ஓனர் கணக்குக் கேட்டார். நமக்கு மாதம் 30 எம்.பி. தாண்டாது.

அ) உபயோகித்த அளவுக்கு மட்டும் – 30-க்கு 150 ரூ.
ஆ) 400 எம்.பி. – 500 ரூ.
இ) அளவே இல்லை – 1,200 ரூ.

குழந்தை கூட அ என்று சொல்லும். ஓனர் ஆ. "மொத்தமா வாங்கினாதாம்மா மலிவு."

கணக்கர் தணிகாசலம் உடனே, "ஓனர் சொன்னா கரெக்டுங்க." ஓனர் தும்மினாலும் கரெக்டுங்க என்கிற ஜென்மம்.

17 ஏப்ரல்

மெயில் இனி ஒரு நாளைக்கு ஒரு தடவைதான். ஓனர் உத்தரவு.

"சித்திரையில எவனாவது உப்ப விப்பானா? குவிச்சு, கீத்து போட்டு மூடி வச்சு, மழையில வெலை ஏறினதும்தான் எடுப்போம். எம்.பி.யும் அப்படியே இருக்கட்டும். ஐப்பசியில ஆவும்."

"மாசம் முடிஞ்சா அது போயிடுங்க."

"காசு குடுத்து வாங்கினது எங்கம்மா போவும்?"

சிரிப்பை அடக்க டீ டம்ளரில் முகத்தைப் புதைத்தேன். தணிகாசலம் போன் மேல் துண்டைப் போர்த்திவிட்டார். சூடு படக்கூடாதாம். இந்த மூளைக்கு என்னைவிட ஆயிரம் ரூபாய் சம்பளம் அதிகம்.

செருப்பு தைக்கக் கொடுக்க வேண்டும்.

27 ஏப்ரல்

வந்துவிட்டது! கிண்டி எக்ஸ்போர்ட் கம்பெனியிலிருந்து மெயில். கம்ப்யூட்டர் வேலை, ஹாஸ்டல் உண்டு. 2-ஆம் தேதி வந்து சேர முடியுமா, உடனே பதில் போடவும். இரண்டு வருடமாக எத்தனை அப்ளிகேஷன். மூன்று தடவை படித்தேன்.

ஆனால் 5-ஆம் தேதி ஓனர் முகத்தைப் பார்க்காமல் போவதா? அன்றைக்குப் புது 400 வரும், பழையது மாயம். அந்தக் காட்சியைத் தணிகாசலத்துக்கு விட்டுக்கொடுக்க மனசில்லை. பார்த்துவிட்டு அன்றே பதில். ஒரு வாரத்தில் என்ன குடியா முழுகிவிடும்? பி.காம். ஃபர்ஸ்ட் கிளாஸ், டைப்பிங் ஹையர். என்னை மாதிரி ஆள் அவர்களுக்கு லேசில் கிடைக்குமா?

5 மே

திரையில் 400.

ஓனர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "இருபதுதான செலவாச்சு, எழுநூத்தி எம்பது இல்ல இருக்கணும்?"

தணிகாசலம் போன் மேலிருந்த துண்டை மெல்ல உருவிக்கொண்டார். ஓனர் முகம் மழையில் கரைந்த உப்புக் குவியல். ஆசை தீரப் பார்த்தேன்.

பிறகு கிண்டிக்கு: சேரத் தயார்.

பத்து நிமிடத்தில் பதில். தகவல் இல்லாததால் 2-ஆம் தேதியே வேறொருவரை எடுத்துவிட்டோம். நன்றி.

இரண்டு வரி. இந்த ஆபீஸில் என்னைவிடப் பெரிய முட்டாள் யாரும் இல்லை. தணிகாசலம் உட்பட. ஓனர் இன்னும் என் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றார், இங்கிலீஷ் புரியாமல் திரையைப் பார்த்தபடி.

"ஏம்மா கலா, போனத கேட்டு வாங்க முடியாதா?"

"முடியாதுங்க."

"எழுதித்தான் பாரேன். கேட்டா என்னா கொறஞ்சுடும்?"

எழுதினேன். அவருடைய எம்.பி.யைக் கேட்டு அல்ல.