கோப்பி உட்கார்ந்த இடம்

கிள்ளான்,
11.6.1991

சுகந்தியின் அம்மாவுக்கு,

விடுதி வார்டன் உனக்குப் போன் பண்ணியிருப்பார். அவர் சொன்னதோடு நிறுத்தாமல் இதையும் படி.

குடியை விட வந்த எங்களிடம் ஆளுக்கொரு நாய்க்குட்டியைக் கொடுத்து, பார்வையில்லாதவர்களுக்கு வழிகாட்டப் பழக்கச் சொன்னார்கள் அல்லவா? என் கோப்பி ஐந்து மாதமாக ஒழுங்காகத்தான் இருந்தது. நேற்று பிரிக்பீல்ட்ஸிலிருந்து பயிற்சியாளர் யோகநாதன் வந்து, அதைக் கடைத்தெருவில் நடத்திப் பார்த்தார். அந்தச் சனியன் நேராகப் போய்க் கள்ளுக்கடை வாசலில் உட்கார்ந்துகொண்டது. இழுத்தாலும் எழவில்லை.

"என்னண்ணே, டெய்லி இங்கதான் வரீங்களா?" என்று அவர் சிரித்தார். வார்டன் சிரிக்கவில்லை. கோப்பியை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்.

ஆமாம், தினமும் நின்றேன். கால் அங்கே வந்ததும் நின்றுவிடுகிறது, என்ன செய்ய? அதனிடம் 'உட்காரு' என்று சொல்லிவிட்டு, மனசு அடங்கும்வரை நிற்பேன். பிறகு இருவரும் நடப்போம். ஒருத்தனும் நம்பமாட்டேன் என்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை வருவதை நிறுத்திவிடாதே. நீயாவது யோசித்துப் பார். பஸ்சுக்குள்ளும் கடைக்குள்ளும் என் காலோடு ஒட்டிக்கொண்டே வரும் நாய் அது. நான் ஒரு நாளாவது உள்ளே போயிருந்தால், அது வாசலிலா உட்கார்ந்திருக்கும்?

இப்படிக்கு,
வாசலோடு திரும்பியவன்