மேடையில் தந்து கீழே வாங்கிக்கொண்ட பட்டா

அனுப்புநர்:
சா. மெர்சி, க/பெ. சாமுவேல்,
காலனித் தெரு, ஊஞ்சக்காட்டுப்புதூர்,
அன்னூர் வட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
கோயம்புத்தூர்.

பொருள்: எனக்கு ஒதுக்கிய வீட்டுமனைப் பட்டாவை என் கையில் வழங்கி, மனையை அளந்து காட்டக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் நூற்பாலைத் தொழிலாளி. கணவர் லாரிக்குச் சுமை ஏற்றுகிறார். கொழுந்தனார் வீட்டில் ஒரே அறையில், இரண்டு பெண் பிள்ளைகளுடன் ஆறு வருடமாக இருக்கிறோம்.

1. கடந்த ஆகஸ்டில் எங்கள் ஊர் விழா மேடையில் பதினொரு குடும்பங்களுக்குப் பட்டா வழங்கினார்கள். நானும் வாங்கினேன். படியிறங்கியதும், கட்சியொன்றின் கிளைப் பொறுப்பாளர் திரு. குமாரசாமி, "தலைவர் படம் வச்ச உறையில போட்டு ஊடு ஊடா வந்து தாரமுங்க" என்று சொல்லி எல்லோருடைய தாளையும் திரும்ப வாங்கிக்கொண்டார்.

2. மறுவாரம் பட்டாவோடு கட்சி உறுப்பினர் படிவமும் கொண்டுவந்தார்கள். பத்துக் குடும்பத்தார் கையெழுத்திட்டுப் பட்டா பெற்றனர். என் கணவர் மட்டும், "பட்டா கவர்மெண்ட் கொடுத்ததுங்க, ஓட்டு எங்க விருப்பமுங்க" என்று படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார். பட்டாவும் திரும்பிப் போயிற்று.

3. மூன்று முறை திரு. குமாரசாமி வீட்டுக்குப் போனேன். "ஒரு கையெழுத்துத்தானுங்க அம்மணி, போட்டுப்போட்டீங்கன்னா நாளைக்கே பட்டா ஊடு வந்துரும்" என்றார். ஒரு கடுஞ்சொல் இல்லை. நாற்காலி போட்டு, மோர் கொடுத்தார். எங்கள் தெருக்காரர்களுக்கு அந்த வீட்டில் நாற்காலி கிடைத்தது இந்தத் தேர்தல் சமயத்தில்தான்.

4. கிராம நிர்வாக அலுவலரிடம் முறையிட்டேன். பதிவேட்டில் 'வழங்கப்பட்டது' என்று இருப்பதையும், விழாவில் எடுத்த படத்தையும் காட்டினார். படத்தில் நான் பட்டாவைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறேன். அந்தச் சிரிப்பே இன்று எனக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. மற்ற பத்து மனைகளையும் அளந்து கல் நட்டுவிட்டார்கள்.

5. ஆறு மாதத்துக்குள் வீடு கட்டத் தொடங்காவிட்டால் பட்டா ரத்தாகும் என்று பக்கத்து வீட்டு ராசாத்தாளின் பட்டாத் தாளில் படித்தேன். நான்கு மாதம் போய்விட்டது.

சென்ற தேர்தலில் நாங்கள் இருவரும் அந்தக் கட்சிக்குத்தான் வாக்களித்தோம். யாரும் படிவம் நீட்டிக் கேட்கவில்லை. நல்லது செய்தால் இனியும் அளிப்போம். அதை முன்கூட்டி எழுதிக் கொடுக்க எங்களுக்கு மனமில்லை.

ஆகவே, பட்டாவின் சான்றிட்ட நகலை எனக்கு நேரில் வழங்கவும், மனையை அளந்து கல் நடவும், இனிமேல் அலுவலர்களே பயனாளி கையில் பட்டாவைச் சேர்க்கவும் தாங்கள் உத்தரவிட வேண்டும். ஆலையில் என் வார விடுமுறையைத் திங்கட்கிழமைக்கு மாற்றி வாங்கியிருக்கிறேன். பட்டா கிடைக்கும் வரை ஒவ்வொரு வாரமும் தங்கள் குறைதீர் கூட்டத்துக்கு வருவேன்.

இணைப்பு: விழாப் படத்தின் நகல்.

இடம்: கோயம்புத்தூர்
நாள்: 15.12.2025

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
சா. மெர்சி