கிருபன் செய்த கதிரை

4 மார்ச் 2025, செவ்வாய்

உப்புப் போட்டும் வாசலில் பனி இறுகிக் கிடக்கிறது. மகள் தனுஷிகாவுக்குப் பள்ளிக்கூடத்தில் கிரேக்கக் கடவுள்களின் பிள்ளைகளைப் பற்றி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அவளுக்குக் கிடைத்தவன் பெயர் ஹெஃபைஸ்டஸ். நான் கறிக்கு லீக்ஸ் வெட்ட வெட்ட வாசித்துக் காட்டினாள். கால் ஊனமாய்ப் பிறந்தவனைத் தாய் ஹீரா வெட்கப்பட்டு வானத்திலிருந்து தூக்கி எறிந்தாளாம். கடலில் விழுந்தவனை வேறு பெண்கள் வளர்த்தார்களாம். அவன் பெரிய கொல்லனாகி, தாய்க்கு அரியாசனம் மாதிரி ஒரு பொன் கதிரை செய்து அனுப்பினானாம். அதில் இருந்தவளுக்குப் பிறகு எழும்ப முடியவில்லையாம்.

"இன்னொரு கதையிலை தகப்பன் சியூஸ்தான் எறிஞ்சவராம்" என்றாள்.

மகன் கிருபனும் மேசையில் இருந்தான். இருபத்திரண்டு வயது. பிறந்ததிலிருந்தே இடது காலை இழுத்துத்தான் நடப்பான். சாப்பிட்டுவிட்டு எழும்பிப் போனான். இவளுக்கு வேறு கடவுளே கிடைக்கவில்லையா?

12 ஏப்ரல், சனி

கோயிலில் பல வருசமாகப் பழகிய புனிதவதி அக்கா வந்தா. வழக்கம்போல வாசல் மணி அடிக்க முன்னமே கிருபனைச் சோஃபாவில் இருத்திவிட்டேன். அவனுடைய ஐந்து வயதிலிருந்து இதுதான் வீட்டுச் சட்டம். ஆட்கள் வர முன்னம் இருக்க வேண்டும், போன பிறகுதான் எழும்ப வேண்டும். இருந்தால் கால் இழுப்பது ஒருவருக்கும் தெரியாது. குடும்பப் படங்களிலும் அவன் மட்டும் கதிரையில்.

அக்கா மூன்று மணித்தியாலம் கதைத்தா. அவன் தண்ணீர் குடிக்கக்கூட எழும்பவில்லை.

"பாவம்" என்று யாரும் சொல்லக் கூடாதென்றுதான் செய்கிறேன். அவனையா — என்னையா?

24 மே, சனி

கிருபன் கராஜில் ஒரு கதிரை செய்கிறான். ஸ்கார்பரோவில் தளபாடம் செய்யும் இடத்தில்தான் வேலை, நல்ல கைவேலைக்காரன். தனு பெரியபிள்ளையானதற்கு ஜூனில் சாமத்தியவீடு செய்கிறோம், அந்த மேடைக்காம். தங்கச்சிக்கா என்று கேட்டேன்.

"இல்லை அம்மா, உங்களுக்கு."

பொன் நிறம் பூசியிருந்தான். கதை நினைவுக்கு வந்தது. சிரித்துச் சமாளித்தேன். அவன் சிரிக்கவில்லை.

14 ஜூன், சனி

இன்று எழுத ஏலாது.

15 ஜூன், ஞாயிறு

நேற்று மண்டபத்துக்கு ஆட்கள் வர முன்னமே அவனைக் கடைசி மேசையில் இருத்தினேன். நான் மேடையில், அவன் செய்த கதிரையில். குடும்பப் படம் எடுக்கும்போது தனு மைக்கை வாங்கி அண்ணாவை மேலே வரச் சொன்னாள். நானூறு பேரும் திரும்பினார்கள். அவன் அவளைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான். வா என்று கையைக் காட்டியிருந்தால் போதும். பக்கத்தில் புனிதவதி அக்கா நின்றா. நான் வேண்டாமென்று தலையை ஆட்டினேன். ஓம், நான்தான் ஆட்டினனான். பெத்தவள் நான்.

என் மனுசன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு நிலத்தைப் பார்த்தார். தனு சொன்ன இரண்டு கதையும் சரிதான். எறிந்தது நான், பார்த்துக்கொண்டு நின்று இவரும் எறிந்தார்.

வீட்டுக்கு வந்தால் அவனுடைய அறை வெறுமையாகக் கிடந்தது. போனில் ஒரு செய்தி: "ஆக்கள் போனாப்பிறகு எழும்பச் சொன்னனீங்கள். உவையள் ஒருநாளும் போகமாட்டினம் போல. நான் எழும்பிட்டன்."

16 ஜூன், திங்கள்

போன் எடுக்கிறான் இல்லை.

3 ஆகஸ்ட், ஞாயிறு

இவர் வடக்கே சட்பரி நகரத்துக்குப் போய் அவனைக் கண்டுவிட்டு வந்தார். அங்கே அலுமாரி செய்யும் வேலையாம். தேத்தண்ணி போட்டுக் கொடுத்தானாம். அம்மா வரச் சொன்னவ என்று இவர் சொல்ல, "எந்த அம்மா?" என்று கேட்டானாம். கோபமில்லாமல், விலாசம் விசாரிக்கிற மாதிரிக் கேட்டானாம். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

8 நவம்பர், சனி

பின்னேரம் புனிதவதி அக்கா வந்தா. அவவைச் சோஃபாவில் இருத்திவிட்டு நான் கிருபனின் கதிரையில் இருந்தேன். தேத்தண்ணி குடித்தபடி கேட்டா.

"கால் ஏலாத உங்கடை மகன் எங்கை, காணேல்லை? சின்னனிலையிருந்து பாக்கிறன், தங்கமான பொடியன்."

வேலைக்குப் போய்விட்டான் என்றேன். அவ பிறகு கதைத்தது ஒன்றும் காதில் ஏறவில்லை. சின்னனிலையிருந்தாம். பதினேழு வருசமாக எல்லாருக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது. பிறகு என்னத்துக்கு அவனை இருத்தி வைத்தனான்?

வெளியே இருட்டிவிட்டது. தனு வந்து லைற்றைப் போட்டாள்.

"அம்மா, ஆக்கள் போயிட்டினம். எழும்புங்கோ."

ஓம் என்று சொல்லிவிட்டு அதிலேயே இருந்தேன்.