பசித்தால் கடிக்கும் செடி

1961 ஜூன் 7, புதன்

மேல்காற்று. முற்றமெல்லாம் வேப்பஞ்சருகு. இரண்டு முறை பெருக்கியும் பயனில்லை.

வேம்பில் கட்டிய ஆர்க்கிட்டில் பூங்காம்பு! விரல் நீளம். வேடசந்தூர் சாலையில் விழுந்து கிடந்த புளியமரத்திலிருந்து இவர் எடுத்து, சைக்கிளில் கொண்டுவந்தது. தேங்காய் நாரால் நான்தான் மரத்தோடு கட்டினேன். மூன்று வருடமாக வெறும் இலை.

மதினியிடம் காட்டினேன். இவருடைய அக்கா, தை மாதம் கணவர் தவறியதிலிருந்து எங்களோடுதான்.

"புல்லுருவிய வீட்டுல வச்சு வளக்குறவ நீ ஒருத்திதான் மரகதம். மரத்தத் தின்னுப்புடும்."

வகுப்பில் சொல்வதுபோலச் சொன்னேன். இது புல்லுருவி இல்லை. மரத்திடம் ஒரு சொட்டும் எடுக்காது. உட்கார இடம் போதும். காற்றின் ஈரம், மழை, பனி, அவ்வளவுதான் சாப்பாடு.

"வேர் பிடிச்சிருக்குல்ல? பசிச்சா கடிக்காதா?"

சிரித்துவிட்டேன். சிரித்திருக்க வேண்டாம்.

ஜூன் 11, ஞாயிறு

சோதனைத்தாள்கள். இவர் சட்டைக்குப் பொத்தான். துவரை காயவைக்க வேண்டும்.

ஒன்று புரியவில்லை. ஆர்க்கிட் வேர் காய்ந்தால் சாம்பல் வெள்ளை, நனைந்தால் பச்சை. நான் தெளிப்பது விடியற்காலையில். காற்றில் சீக்கிரமே வெளுத்துவிடும். இன்று உச்சி வெயிலில் பச்சை. மழையும் இல்லை.

பால்காரம்மா வந்து சண்டை. எங்கள் வீட்டில் அரிசி களைந்த தண்ணீர் அவள் மாட்டுக்குத்தான். "டீச்சரம்மா, கழனித்தண்ணி பானையோட அடியில கெடக்கு. எம் மாடு என்னத்தக் குடிக்கும்?" போகிறபோது மதினியின் முழங்காலைப் பார்த்து, "அந்தச் செடி வேர எண்ணெயில காய்ச்சித் தேயிங்க. வாதம் ஓடிரும்" என்றாள்.

"அது கால ஒடிச்சு என் காலுக்குப் பூசணுமாக்கும். போத்தா!"

ஜூன் 14, புதன்

காதுகுத்து வீடு. யாரோ ஒருத்தி மதினியிடம், "தம்பி வீட்டோட தங்கியாச்சா?" ராத்திரி சாப்பிடும்போது மதினி:

"ஞாயித்துக்கெழம குஜிலியம்பாறை போறேன். கொழுந்தன் வீடு இருக்குல்ல."

அங்கே ஒரே அறை. பிள்ளைகள் நிறைய.

இவர் தனியே என்னிடம்: "நான் இருன்னா அக்கா கேக்காது. நீ சொல்லணும்."

உண்மைதான். ஆனால் வாய் வரவில்லை. "இருங்கள்" என்று சொன்னால் இரக்கப்படுவதுபோல ஆகிவிடும். இரக்கம் இல்லை. மதினி இல்லாத அடுப்படியை நினைக்க முடியவில்லை, அவ்வளவுதான். இதை எப்படிச் சொல்வது?

ஜூன் 16, வெள்ளி

பள்ளி அரை நாள். வீடு திறந்து கிடந்தது. வேம்படியில் மதினி. ஒரு கை முழங்காலில், மறு கையில் சொம்பு. எட்டி எட்டி வேரில் கழனித்தண்ணி ஊற்றுகிறார்.

"குடி. வயிறு ரொம்பக் குடிச்சுப்புட்டு மரத்த விட்டுரு."

சத்தமில்லாமல் வாசலுக்கே திரும்பிப் போய், செருப்பைச் சத்தம் கேட்கக் கழற்றினேன்.

(கழனித்தண்ணி இதற்கு ஆகாது, வேர் அழுகும். அழுகவில்லை. இந்தக் காற்று காப்பாற்றுகிறது போலும்.)

ஜூன் 17, சனி

பூத்துவிட்டது. ஐந்து பூ. மங்கல் மஞ்சளில் பழுப்புக் கட்டம், நடுவில் ஊதா நாக்கு. வெயில் ஏற ஏற மணம்.

"சின்னாளபட்டிச் சேலக் கட்டமால்ல இருக்கு" என்றார் மதினி. முகர்ந்தார். பிறகு உள்ளே போய்த் துணி மூட்டை கட்டினார்.

வாசற்படியில் நின்று சொல்லிவிட்டேன். "மதினி, நீங்க போயிட்டா இது பசியில மரத்தக் கடிச்சிரும்."

கை நின்றது. "கடிக்காதுன்னு சொன்னவ நீதான?"

"அது புத்தகத்துல."

"நீ ஊத்த மாட்டியா?"

"மத்தியானம் நான் பள்ளிக்கூடத்துல இருப்பேன். யாரு ஊத்துவா?"

என்னைத் திரும்பிப் பார்த்தார். "பாத்துட்டியாக்கும்" என்றார். மூட்டை கட்டினபடியே இருக்கிறது.

ஜூன் 18, ஞாயிறு

காற்று குறையவில்லை. காலையில் பால்காரம்மா மறுபடி சண்டை. பானையில் கழனித்தண்ணியே இல்லையாம்.

குஜிலியம்பாறை பஸ் போய்விட்டது. உச்சி வெயில். வேர் பச்சை.