பேனாவை மூடிய பிறகு

இன்று பீரோவை ஒழித்தேன். புது ஆய்வுக்கு இடம் வேண்டுமாம். பழைய படிவக் கட்டுகளுக்கு நடுவே, சேர்த்து ஸ்டேப்ளர் பின் அடித்த இரண்டு தாள்கள் கிடைத்தன. பின் துருப்பிடித்துக் கறையாகியிருந்தது. எழுத்து என்னுடையது, பதில்கள் உன்னுடையவை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இப்போதெல்லாம் எனக்குச் சீக்கிரம் உடம்பு அலுத்துவிடுகிறது.

எம்.எஸ்ஸி.யில் நாம் ஒரே பெஞ்சு. பிறகு என் முனைவர் பட்ட ஆய்வுக்குக் களப்பணிக்கு வந்தாய். மனச்சோர்வை அளக்கும் கேள்வித்தாள் ஒன்று நம் பக்கத்துப் பெண்களிடம் செல்லுமா என்று பார்க்க வேண்டும். இன்று கேட்ட கேள்விகளையே இரண்டு வாரம் கழித்துக் கேட்டால் அதே பதில் வருகிறதா என்பது நம்பகத்தன்மை. அளக்கப் போனதைத்தான் அளந்தோமா என்பது ஏற்புடைமை. பரீட்சையில் இரண்டையும் மாற்றி எழுதி மார்க்கைக் கோட்டைவிட்டவள் நீ. ஆனால் களத்தில் அந்த வித்தியாசம் உனக்குத்தான் முதலில் பிடிபட்டது.

சித்தேரி மலைக் கிராமத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்த அந்த அக்காவிடம் இரண்டாம் முறை போயிருந்தோம்.

"தூக்கம் கெட்டிருக்குதுங்களா?"

"இல்லீங்க."

"அடிக்கடி அழுகை வருதுங்களா?"

"அதெல்லாம் இல்லீங்க."

போன முறை சொன்ன அதே பதில்கள். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். நீ பேனாவை மூடிப் பைக்குள் போட்டுவிட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாமையில் கல் பொறுக்க ஆரம்பித்தாய். கொஞ்ச நேரத்தில் அவராகவே பேசினார்.

"மூணு மாசமா கண்ணு மூடலீங்க. வேலைக்குப் போன பையன் ஒரு போன் பண்ணலீங்க."

"அப்பறம் ஏன்க்கா ரெண்டு தரமும் இல்லீன்னீங்க?" என்று கேட்டாய்.

"நீங்க எழுதறீங்களே. எழுதறவங்ககிட்ட வூட்டுக் கஷ்டத்தச் சொன்னா அது எங்கெங்க போவுமோ."

திரும்பும் பஸ்ஸில் நமக்குள் சண்டை. "பேனா மூடினப்பறம் சொன்னதச் சேக்க முடியாதுடி. எல்லார்கிட்டயும் ஒரே மாதிரிதான் கேக்கணும்" என்றேன். "ரெண்டு தரமும் ஒரே பொய்யச் சொன்னா, அது உனக்கு நம்பகமா?" என்றாய். முறைப்படி பார்த்தால் நான் சொன்னது சரிதான். இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். சரியாகச் சொல்லி என்ன கிழித்தேன் என்பது வேறு.

அதன்பிறகு கேள்விகளின் வார்த்தைகளை மாற்றி, முதலில் உன்னிடமே கேட்டுப் பார்த்தேன். பாலக்கோடு பஸ் ஸ்டாண்டு டீக்கடை, பக்கத்தில் தக்காளி லாரிகள். தூக்கம்? "நல்லா வருது." அசதி? "இல்லடி." இரண்டு வாரம் கழித்து அதே கடையில் அதே பதில்கள். உன் டீ ஆடை கட்டிக் கிடந்தது. "உன்னாட்டம் ஆளுங்க கெடச்சா போதும், ரிலையபிலிட்டி பிச்சுக்கும்" என்றேன். நீயும் சிரித்தாய். சிரித்துவிட்டு என் கையிலிருந்த பேனாவைப் பார்த்தாய். பார்த்தாய் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறதோ என்னவோ.

நாலு மாதத்தில் போய்விட்டாய். வயிற்றில் கட்டி. உன் உடலை எடுப்பதற்கு முன் உன் வீட்டுக்காரர் என்னிடம் சொன்னார்: "ஆறு மாசமா வலி பொறுக்காம ராத்திரியெல்லாம் ஒக்காந்தே கெடந்தா. அவ தீசிஸ் முடியட்டும், அப்பறம் ஆஸ்பத்திரிக்குப் போலாம், அவகிட்டச் சொல்லிப்புடாதீங்கன்னு உங்களப் பத்திச் சொன்னா."

தீசிஸ் முடிந்தது. வாய்மொழித் தேர்வில் நம்பகத்தன்மை அருமையாக இருப்பதாகப் பாராட்டினார்கள். நான் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்து அழுதேன்.

இப்போதும் ஊர் ஊராகப் போகிறேன். கடைசிக் கேள்வி முடிந்ததும் பேனாவை மூடிப் பைக்குள் போட்டுவிட்டு, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறேன். சிலர் பேசுகிறார்கள், சிலர் பேசுவதில்லை. பேசியது எந்த அட்டவணையிலும் ஏறுவதில்லை. உடம்பு அலுப்பாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுந்து வர மனம் வருவதில்லை.

தாள்களை இன்னொரு முறை ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரு பதில்கூட மாறவில்லை. அந்த டீக்கடையில் இரண்டு நாளும் நான் பேனாவை மூடவே இல்லையடி.